நால்வர் சுமந்த விசுவாசம்



கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையிலுள்ள கப்பர்நகூமில் நம் ஆண்டவர் ஒரு வீட்டிலிருந்து உபதேசித்துக்கொண்டிருக்கையில், வாசலுக்கு வெளியிலும் இடமில்லாதபடி ஜனங்கள் நெருங்கி நிற்க, திமிர்வாதத்தால் முடங்கிய ஒருவனை நால்வர் சுமந்து வந்ததை மாற்கு தம் சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் விவரிக்கிறார். அத்தேசத்துச் சாதாரண வீடுகளின் கூரை, மரச்சட்டங்களின்மேல் நாணல் பரப்பிக் களிமண் பூசிய தட்டையான தளமாகும். வாசலில் வழி கிடையாமற்போகவே, அந்நால்வரும் மனந்தளர்ந்து திரும்பாமல் மேலே ஏறி, பிறர் வீட்டுக் கூரையென்றும் பாராமல் அதைப் பெயர்த்து, அவனைப் படுக்கையோடு ஆண்டவரின் சமுகத்தில் இறக்கினார்கள்.

சுகம் பெறுமுன் அந்த மனுஷன் ஒரு வார்த்தையேனும் பேசியதாக மத்தேயுவும் எழுதவில்லை, மாற்கும் எழுதவில்லை, லூக்காவும் எழுதவில்லை. கேட்கவும் திராணியற்றுக் கிடந்தானோ, கேட்கத் துணியாதிருந்தானோ, நாம் அறியோம். ஆனால் அவனைச் சுமந்தவர்களின் விசுவாசத்தை ஆண்டவர் கண்டார், கண்டு அவனை மகனே என்றழைத்தார். அழைத்தவர் முதலில் அருளியது கால்களுக்குப் பலத்தையன்று, பாவமன்னிப்பை. தேவனொருவருக்கே உரிய அதிகாரத்தை இவர் எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று வேதபாரகர் உள்ளத்தில் குமுறியபோது, கண்ணுக்குப் புலப்படாத அந்த ஈவுக்குக் கண்கண்ட சாட்சியாகவே சரீர சுகத்தையும் அவர் கட்டளையிட்டார்.

இதைக் கொண்டு வியாதியெல்லாம் பாவத்தின் சம்பளமென்று ஒருவரும் முடிவுகட்ட வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி, பாவஞ்செய்தவன் இவனோ இவனைப் பெற்றவர்களோ என்று சீஷர்கள் வினவியபோது, இரு தரத்தாரையும் ஆண்டவர் அக்குற்றத்தினின்று விடுவித்ததை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்போஸ்தலனாகிய பவுலோ தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் மன்றாடியும் அது நீங்கவில்லை. கிருபையே அவருக்கு வாக்களிக்கப்பட்டது. பவுலுக்கு விசுவாசம் குறைவென்று சொல்ல யார் துணிவார்? அப்படியிருக்க, மாதக்கணக்காய்ப் பாயில் கிடக்கும் ஏழை விதவையின் தலைமாட்டில் நின்று, “உனக்கு விசுவாசம் போதாது, ஆகையால் சுகமில்லை” என்று சொல்லிப் போகிறவர்கள் நம் சபைகளிலும் உண்டென்பதை மிகுந்த வேதனையோடு சொல்லுகிறேன். சுமக்க வேண்டியவர்கள் சுமையேற்றுவது கொடுமை. விசுவாசிக்கவும் பெலனற்றுக் கிடப்பவருக்காக விசுவாசிப்பது, அவரைச் சுற்றி நிற்கிற நம்முடைய கடமையன்றோ!

முடங்கிய கால்களை நடக்கச் செய்யும் வல்லமை நம் கைகளில் இல்லை. ஆண்டவர் முதலாவது கொடுத்த மன்னிப்பையோ, நமக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தவர்களுக்கு நாமும் கொடுக்கலாம். பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பெற்றும், நூறு பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தவனின் உவமையை மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் அறிந்திருக்கிறோம். ஒரு பணமென்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம். நம் நடுவிலும் அப்படியே, எத்தனையோ குடும்பங்களில் வரப்புத் தகராற்றாலோ கலியாணத்தில் நேர்ந்த ஒரு மனஸ்தாபத்தாலோ வருஷக்கணக்காய்ப் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பியரில் ஒருவர் இன்று நோயுற்றுக் கிடக்கிறார். அவருடைய சுகத்துக்காக ஆராதனையில் விண்ணப்பம் ஏறெடுக்கும் மற்றவர், அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

பிரியமானவர்களே, உங்களில் அப்படிப்பட்டவர் இருந்தால், இந்த ஆராதனை முடிந்ததும் நேரே அந்த வீட்டுக்குப் போங்கள். மன்னித்தேன் என்று முதலில் சொல்லுங்கள். ஜெபத்தை அதற்குப்பின் அவரோடு சேர்ந்து செய்யுங்கள்.