வேடமும் வழிபாடும்

கூத்தில் வேடம் கட்டுபவர் தெய்வத்தை நடித்துக் காட்டுகிறாரா, தெய்வமே அவர்மேல் வந்து இறங்குகிறதா என்பது வடதமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் விழாக்களில் பழைய கேள்வி. சிறுவர்களுக்கும் பெற்றோருக்கும் கூத்துப் பயிற்சி முகாம்கள் வந்த பிறகு அது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. கோயில் திடலில் விடிய விடிய ஆடுவதைப் பள்ளிக்கூட வளாகத்தில் சொல்லிக்கொடுத்தால் அது என்ன ஆகிறது?

விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்தையும் பூவையும் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் முந்தானை விரித்துப் பிடிப்பார்கள். அந்தப் பெண்களுக்கு அவர் நடிகர் அல்லர். துகிலுரிதல் ஆட்டத்தில் கற்பூரம் ஏற்றுவதும், ஆடுபவருக்கு அருள் வருவதும் உண்டு.

காஷ்மீரத்து அழகியல் அறிஞர் அபிநவகுப்தர் ஆடுபவருக்கு அருள் வருவதை ஏற்றிருக்கமாட்டார். ரசத்தை நுகர்பவர் பார்வையாளரே, நடிகர் அதைக் கொண்டுசேர்க்கும் கலம் மட்டுமே என்பது அவர் கொள்கை. கலம் தானே குடித்துவிட்டால் நாடகம் நின்றுபோகும். கூத்து மரபு அருளுக்கு இடம் தருகிறது; ஆனால் அருள் வந்தவரை உடன் ஆடுபவர்களே பிடித்துத் தெளியவைத்துப் பாட்டுக்குத் திருப்புகிறார்கள். தாளம் தவறியவருக்கு அருள் கூடுதல் என்று எந்த வாத்தியாரும் சொல்வதில்லை. ஆக, தெய்வம் வருவதாக நம்பும் இடத்திலும் பயிற்சிக்கு விலக்கு இல்லை.

பயிற்சி மரபுக்குப் புதிதும் அன்று. பரதர் தம் நூறு புதல்வருக்கே நாடகம் கற்பித்தார் என்கிறது நாட்டிய சாத்திரம். குடும்பமே முதல் வகுப்பு. சிலப்பதிகார மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள். காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபாலும் ஹன்னே எம். டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பள்ளிப்படிப்போடு கூத்தைக் கற்பித்தது. ஆண்களே பெண்வேடம் கட்டிவந்த கலையில் சிறுமிகளையும் சேர்த்தது. மீறக்கூடாத நெறி என்று தோன்றிய ஒன்று வெறும் வழக்கமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சில நாள் முகாமில் அடவும் முக ஒப்பனையும் கட்டை அணிகளும் அறிமுகமாகும். காப்பும் விரதமும் நேர்த்திக்கடனும் வாரா. ஆட்டத்தைச் சடங்காக்குவது அது யாருக்கு, எதன்பொருட்டு நேர்ந்துகொள்ளப்பட்டது என்பதே. ஆடுபவரின் மனநிலை அன்று. ஆகவே முகாமில் சிறுமி கிரீடம் தரிப்பதைத் தெய்வ நிந்தை என்பதும் பிழை, அதையே பூசை என்பதும் பிழை.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. சலங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது முகாமிலும் தொடர்கிறது. கற்ற கருவிக்கு மரியாதை என்பார் வாத்தியார். இறைவன் ஒருவனைத் தவிர எதையும் வணங்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட குழந்தைக்கு அது சிறிய செயல் அன்று. அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் அடவுக்குக் குறைவில்லை. நாடகத்துக்குள் பாத்திரம் பாடும் துதிப்பாட்டு வேறு வகை. அதை எடுத்துவிட்டால் கதை அறுந்துபோகும். கண்ணனைக் கூவி அழைப்பவள் திரௌபதி, அவள் வேடமிட்ட குழந்தை அல்ல.