மாமாவின் அடிவானம்

என் மாமா முப்பது வருசம் தோணியில் ஓடினவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தோணிகளில் பையனாகச் சேர்ந்து, தண்டலாக இறங்கியவர். போன வருசம் அவர் பூமி தட்டை என்று சொல்ல ஆரம்பித்தார். பேரனின் மொபைலில் பார்த்த யூடியூப் வீடியோக்கள்தான் காரணம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. கடலையே பார்க்காத ஆள் சொன்னால்கூட விட்டுவிடலாம். கரை எப்படிக் கண்ணிலிருந்து மறையும் என்று ஆயிரம் தடவை பார்த்த மனுசன் சொல்லலாமா?

ஒரு சாயங்காலம் பைனாகுலரோடு அவரை முயல் தீவுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். துறைமுகத்திலிருந்து வெளியேறிய சரக்குக் கப்பல் ஒன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது. முதலில் அதன் அடிப்பாகம் மறைந்தது. பிறகு அடுக்கியிருந்த கன்டெய்னர்கள். மேல்தளம் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீர்மேல் நின்றது. பைனாகுலரில் அந்த மேல்தளம் பெரிதாகத் தெரிந்ததே தவிர, போன அடிப்பாகம் திரும்பி வரவில்லை.

கணக்கும் சொன்னேன். கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் சுமார் 5 கிலோமீட்டரில். 20 மீட்டர் ஏறி நின்றால் சுமார் 16 கிலோமீட்டர். தட்டையான பூமியில், கீழே மறைந்த கப்பல் மேலே ஏறினால் ஏன் மறுபடி தெரிய வேண்டும்?

"கடல்மேல காத்து பார்வைய வளைக்கும் மருமவனே. கானல் பார்த்ததில்லையா நீ?" என்றார் மாமா.

அதில் பாதி உண்மை. காற்று ஒளியை வளைக்கத்தான் செய்கிறது. ஆனால் வழக்கமாக அது அடிவானத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, மறைந்திருக்க வேண்டியதையும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த வீடியோவுக்குப் போயிருந்தார்.

ஆதாரத்தால் ஜெயித்துவிடலாம் என்று நம்பிய முதல் ஆள் நான் இல்லை. 1870-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கால்வாயில், பூமி வளைந்திருப்பதை அளந்து காட்டி 500 பவுண்டு பந்தயத்தை வென்றார் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அதே வாலஸ்தான். தோற்ற ஹாம்ப்டன் ஒப்புக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் அவதூறுக் கடிதங்களாக எழுதித் தள்ளினார், ஜெயிலுக்கும் போனார்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. இந்தக் கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தில், 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம். பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் ஒரு நேரம் குறித்திருந்தார். வட்டுக்கோட்டை செமினரியை நடத்திய அமெரிக்க மிஷனரி டேனியல் பூவர் வேறு நேரம் சொன்னார். ஊர் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. பூவரின் கணக்குதான் சரியாக வந்தது.

அதோடு நின்றிருந்தால் அது நல்ல வானியல் பாடம். பஞ்சாங்கம் தவறினால் புராணம் தவறு, புராணம் தவறினால் சைவம் தவறு என்பதுதான் மிஷனரிகள் போக விரும்பிய வழி. மேருவை நடுவில் வைத்த தட்டை உலகம் புராணத்தில் உண்டு, நிஜம்தான். ஆனால் கிரகணம் கணிக்கிற சித்தாந்த மரபு, 499-இல் ஆரியபட்டர் எழுதிய காலத்திலிருந்தே, உருண்டைப் பூமியின் நிழலை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. சாஸ்திரியாரின் பிழை சில நிமிடங்கள். அதற்குக் கேட்கப்பட்ட விலை முழுச் சமயம்.

ஒரு சான்றோடு இவ்வளவு பெரிய பில்லை நீட்டினால், பில்லைக் கட்ட மனசில்லாதவன் சான்றையே வேண்டாம் என்றுதான் சொல்வான்.

மாமாவின் பில் என்ன என்று எனக்குத் தெரியவந்தது அன்று ராத்திரி சாப்பாட்டின்போது. "உருண்டைன்னு இன்னைக்கு ஒத்துக்கிடுதேன். நாளைக்கு அதே படிச்சவங்க வந்து உங்க ஊர்த் தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா, அதையும் ஒத்துக்கிடணும்லா?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைச் சும்மா தள்ள முடியாது. ஸ்டெர்லைட் தாமிர ஆலை வழக்கில், 1998 நவம்பரில் ஒரு மத்திய அரசு ஆய்வு நிறுவனம் ஆலைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. சில மாதங்களில், 1999 பிப்ரவரியில், அதே நிறுவனத்தின் இன்னொரு அறிக்கை ஆலைக்குச் சாதகமாக வந்தது. 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்த பிறகுதான் ஆலையை மூட அரசாணை வந்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2024 பிப்ரவரியில். இந்த ஊரில் நிபுணரைச் சந்தேகிப்பவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியென்றால் இரண்டு சந்தேகமும் ஒன்றா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆலையை எதிர்த்தவர்கள் இன்னும் அளக்கச் சொன்னார்கள். நிலத்தடி நீரை எடு, காற்றை எடு, முடிவை எங்களுக்குக் காட்டு என்றார்கள். தட்டைப் பூமிக்காரர்களுக்கு அளவு அலர்ஜி. 2018-இல் வந்த 'பிஹைண்ட் த கர்வ்' ஆவணப்படத்தில் அவர்களே விலை உயர்ந்த லேசர் கைரோஸ்கோப் வாங்குகிறார்கள். மணிக்கு 15 டிகிரி சுழற்சி என்று அது காட்டுகிறது. 24 மணி நேரத்தில் ஒரு சுற்று, பூமியின் கணக்கேதான். உடனே கருவிக்கு வேறு காரணம் தேடக் கிளம்புகிறார்கள்.

எதைப் பார்த்தால் மனசை மாற்றிக்கொள்வாய் என்ற கேள்விக்கு முதலாமவனிடம் பதில் இருக்கிறது. இரண்டாமவனிடம் இல்லை. மாமாவிடம் இதைக் கேட்டேன்.

"நீ எதப் பார்த்தா மாத்திக்கிடுவ?"

நியாயமான கேள்வி. உயரத்தில் ஏறிப் பார்த்தும் மறைந்த கப்பல் திரும்ப வராவிட்டால், வெவ்வேறு நாட்களில் பார்த்தும் வராவிட்டால், நான் யோசிக்கத்தான் வேண்டும் என்றேன். இன்னொன்றையும் சொன்னேன். பூமி உருண்டை என்று நீங்கள் ஒத்துக்கொண்டால் அதற்குமேல் எனக்கு ஒன்றும் தர வேண்டாம். தண்ணீர் விஷயத்தைத் தண்ணீரை எடுத்துத்தான் பார்க்கணும்.

சொல்லும்போதுதான் உறைத்தது: கடற்கரைக்கு நான் அந்த மனசோடு போகவில்லை. படிச்சவன் நான், ஒத்துக்கோங்க என்பதுதான் என் பைனாகுலருக்குப் பின்னால் இருந்தது. கப்பல் ஒரு சாக்கு.

மாமா பதில் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னார்:

"கொழும்புல இருந்து வாரப்ப முதல்ல தெரியுதது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான். அதுவும் மொதல்ல தல மட்டுந்தான். கர கடைசியாத்தான் வரும்."