கட்டணம் கட்டினால் வழக்கில்லை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2020 வரை கஞ்சா எவ்வளவு சிறிதளவு வைத்திருந்தாலும் பெருங்குற்ற வழக்குப் போட முடிந்தது. ஃபீனிக்ஸ் நகரம் இருக்கும் மாரிகோபா மாவட்டத்தின் அரசு வழக்குரைஞர் அலுவலகம், பிடிபட்டவர்களுக்கு ஒரு மாற்று வழி வைத்திருந்தது. சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்து ஒழுங்காக முடித்தால் வழக்கு இல்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குக் கட்டணம் ஏறக்குறைய 1,000 டாலராக இருந்தது. உள்ளே நடந்ததை 2018இல் ஏழைகள் சிலர் தொடுத்த வழக்கு வெளியே கொண்டுவந்தது. பணம் கட்டியவர் 90 நாளில் விடுபட முடிந்தது. கட்ட முடியாதவரோ, மற்ற நிபந்தனைகளையெல்லாம் நிறைவேற்றியிருந்தாலும், குறைந்தது ஆறு மாதம் திட்டத்திலேயே கிடக்க வேண்டியிருந்தது. அத்தனை நாளும் சிறுநீர்ப் பரிசோதனை இருந்தது. ஒவ்வொரு முறையும் 15 டாலருக்குக் குறையாமல் அவரே கொடுக்க வேண்டியிருந்தது. பணமில்லாததால் காலம் நீண்டது. காலம் நீள நீளச் செலவும் ஏறியது.

இதைக் காட்டி, மாற்று வழியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஹூஸ்டன் அமைந்துள்ள ஹாரிஸ் மாவட்டத்தில் 2007 நவம்பரில் சிறை விரிவாக்கத் திட்டத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். உடனே நீதிமன்றங்கள், முதல்முறை சிக்கியவர்களுக்குத் தீர்ப்பைத் தள்ளிவைத்து, நிபந்தனைகளை முடித்தால் தண்டனைப் பதிவின்றி விடும் முறையை அதிகம் கையாண்டன. அதற்குச் சற்று முன்னும் பின்னும் வந்தவர்களை முல்லர்-ஸ்மித், ஷ்னெபெல் என்ற பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். வாய்ப்புப் பெற்றவர்கள் அடுத்த பத்தாண்டுகளில் மீண்டும் குற்றத்தில் இறங்குவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வேலையில் இருப்பவர்கள் கணிசமாகக் கூடினார்கள்.

திருட்டு போன்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன பதில்? பொருளை இழந்த கடைக்காரர் இதைக் கேட்பது முழு நியாயம். அவருக்குரிய இழப்பீட்டை, கொடுப்பவரின் சக்திக்கேற்பத் தவணையாகவேனும் வாங்கித் தர வேண்டும். அது அவருக்குச் சேர வேண்டிய கடன். திட்டத்தை நடத்தும் செலவு அப்படிப்பட்டதல்ல.

இன்னொன்றும் உறுத்துகிறது. பல இடங்களில் சேரும்போதே குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். இடையில் தவறினால் அந்தத் தாளே எதிர்ச்சாட்சியாகலாம். குற்றமற்றவரும் சிறைக்குப் பயந்து கையெழுத்திடக்கூடும். இந்த நிபந்தனையை நீக்கியே ஆகவேண்டும்.

வழக்கு நடந்திருந்தால் நீதிமன்றச் செலவில் பெரும்பங்கை அரசுதானே ஏற்றிருக்கும்? மாற்று வழிக்கான செலவையும் அரசே ஏற்க வேண்டும். கட்டணம் கட்ட இயலவில்லை என்ற காரணத்துக்காக ஒருவரைக்கூட மீண்டும் குற்றவாளிக் கூண்டுக்கு அனுப்பக் கூடாது.