முருகன் படத்துக்குப் பின்னால்
லாட்டரிச் சீட்டு வாங்கிவந்தால் அப்பா அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். குலுக்கல் நாள் வரைக்கும் வீட்டில் அவர் குரலே வேறாக இருக்கும். ஓடு மாற்றிவிடலாம், அக்காவுக்கு ஜிமிக்கி எடுத்துவிடலாம் என்பார். முடிவு வந்த அன்று பேப்பரில் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்ப்பார். கடைசி எண் மட்டும் தவறியிருந்தால், "பக்கத்துல வந்துடுச்சு பாரு" என்று அம்மாவிடம் காட்டுவார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

ஒருமுறை 500 ரூபாய் விழுந்தது. அத்தனைக்கும் சீட்டாகவே வாங்கிவந்தார். பணம்தான் வேண்டுமென்றால் அதை ஏன் திருப்பிக் கொடுக்கவேண்டும்? விளையாட்டுத்தான் என்றால், நாங்கள் தாயம் ஆடக் கூப்பிட்டபோதெல்லாம் ஏன் எழுந்து போனார்? திருக்குறளில் 94ஆம் அதிகாரம் சூது. அதன் கடைசிக் குறளில், பொருளை இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை வளர்வதை, துன்பப்படத் துன்பப்பட உயிர் உடலை மேலும் விரும்புவதோடு சேர்த்துவைக்கிறார் வள்ளுவர். அங்கேதான் அப்பாவை நான் அடையாளம் கண்டேன். அவர் காசு கொடுத்து வாங்கியது குலுக்கலுக்கு முந்தைய அந்த நாட்களை. காசு போகாவிட்டால் அந்த நாட்களுக்கு உயிர் வராது.

2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடைசெய்தார்கள். அந்தப் பொங்கலுக்கோ அடுத்ததற்கோ வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றினார் அம்மா. பழைய சீட்டுகள் கட்டுக்கட்டாக விழுந்தன. ஒன்றைக்கூட அப்பா கிழித்துப்போட்டிருக்கவில்லை.