படைப்பின் முதல் கை

உலகில் முதன்முதலாகப் படைக்கப்பட்டது ஒரே ஒரு மனிதக் கை, வேறெதுவும் இல்லை. அது வலக்கையா, இடக்கையா? 1768இல் இம்மானுவேல் காண்ட் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இந்தக் கேள்வியை எழுப்பியது. விரல்களின் நீளமும் இடைவெளியும் இரு கைக்கும் ஒன்றே. ஒப்பிட உடலும் இல்லை. ஆனாலும் அது இரண்டில் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்றார் காண்ட். பொருள்களின் உறவுகளைத்தான் வெளி என்கிறோம் என்ற லைப்னிட்ஸின் கொள்கையை அவர் மறுத்தது இப்படித்தான்.

1827இல் கணிதர் மோபியஸ் ஒரு வழி கண்டார். காகிதத்தில் வெட்டிய ‘ட’வை மேசைமேல் எவ்வளவு நகர்த்தினாலும் அதன் கண்ணாடிப் பிம்பமாக மாறாது, தூக்கிப் புரட்டினால் மாறிவிடும். அதுபோல நான்காவது பரிமாணம் இருந்தால் இடக்கையை வலக்கையாக்கலாம். ஆனால் அத்தகைய வெளியை நினைக்கவே முடியாது, ஆகவே நடவாது என்று அவரே கதவையும் சாத்தினார்.

இன்று அதைக் கணினித் திரையில் திருகி விளையாடுகிறார்கள். டான் ஹாட்ச், மெலிண்டா கிரீன் ஆகியோரின் ‘மேஜிக் க்யூப் 4டி’ நாற்பரிமாண ரூபிக்ஸ் க்யூப். அதன் 8 முகங்களும் தனித்தனிக் கனசதுரங்கள், ஸ்டிக்கர்கள் 216. சாதாரண க்யூபின் நிலைகளை எண்ண 20 இலக்கம் போதும். இதற்கு 121 இலக்கம்.

சாதாரண க்யூபின் மூலைத் துண்டில் மூன்று நிறங்கள். அவற்றின் சுற்று வரிசை ஒருநாளும் தலைகீழாகாது; அது அமரும் விதம் மூன்றே. நாற்பரிமாணத்தில் மூன்று நிறத் துண்டுகள் 32. அவை ஒவ்வொன்றும் ஆறு விதமாகவும் அமரும், கண்ணாடிப் பிம்பம் உட்பட. அப்படியென்றால் இடம் வலம் என்பது கைக்குள் இல்லை. வெளிக்கு எத்தனை பரிமாணம் என்று தெரியும்வரை காண்டின் கேள்விக்கு விடையும் இல்லை.

கண்ணுக்கு எட்டாத பரிமாணம் என்றதும் ஆவிகளைக் குடியேற்றியவர்களும் உண்டு. லைப்சிக் வானியற்பியலாளர் சோல்னர், 1877இல் ஆவி அழைப்பவர் ஒருவரின் கயிற்று முடிச்சுகளை நான்காம் பரிமாணத்துக்குச் சான்றாகக் கொண்டார். ‘ஃப்ளாட்லேண்ட்’ எழுதிய எட்வின் அபட் பாதிரியார்தான். ஆனால் உயர் பரிமாணங்களை எண்ணிப் பார்ப்பது கடவுளுக்கு நேர்வழி ஆகாது என்று 1897இல் எழுதினார்.

க்யூபும் அபட் பக்கமே நிற்கிறது: ஒரு பரிமாணம் ஏறினால் எட்டாத எல்லையும் ஒரு படி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். நாற்பரிமாணத்தின் 16 மூலைகளுக்கு நான்கு நிறம். 24 விதங்களில் 12தான் அவற்றுக்கு வாய்க்கும், பிம்பம் வாய்க்காது. ஐந்தாம் பரிமாணத்துக்குப் போனால் நான்கு நிறத் துண்டுகளுக்கு 24 விதமும் கிடைத்துவிடும். ஐந்து நிற மூலைகளுக்கு அங்கும் 120இல் 60தான்.