மூன்று சிலிண்டரும் ஆணவ மலமும்

எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வாகனத்துக்கு வரி போடும் நாடு நம் இலங்கை. அதனால் ஹெந்தளையில் என் கராஜுக்கு ஆயிரம் சீசீக்கு உட்பட்ட டர்போ கார்கள் நிறைய வருகின்றன. 2020 வாகன இறக்குமதித் தடைக்கு முன் வந்த ஹொண்டா சிவிக், 988 சீசீ. 2025இல் கதவு திறந்தபின் வந்த ரொயோட்டா ரைஸ், 996. இரண்டும் மூன்று சிலிண்டர்தான், குணம்தான் வேறு. 129 குதிரைவலு உள்ள சிவிக் களனிப் பாலத்தில் ஏறும்போது மூச்சுக்கூட வெளியே கேட்காது. 98 குதிரைவலு உள்ள ரைஸ் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சீட்டில் லேசாக நடுங்கும், மிதித்தால் கரகரவென்று குரல் கொடுக்கும். எனக்கு அந்தக் குரல் பிடிக்கும்.

வாடிக்கையாளர்கள் சிவிக்கைத்தான் "சாதுவான எஞ்சின்" என்கிறார்கள். சாது என்பது எது?

மூன்று சிலிண்டருக்கு நடுக்கம் பிறவிக்குணம். இரண்டு சுற்றுக்கு மூன்று வெடிப்பு, இடையே 240 பாகை. நான்கு சிலிண்டரில் அது 180. பிஸ்டன்களின் மேல்கீழ் இழுப்பு மொத்தத்தில் சமன்பட்டாலும் எஞ்சின் தலையும் வாலுமாக ஆடவே பார்க்கும். ரப்பர் மவுண்டிங்கை மென்மையாக்கி அதை நம் உடம்புக்குத் தெரியாமல் மறைக்கலாம். அல்லது எதிர்ப்பக்கம் சுழலும் தண்டு ஒன்றை வைத்து ஆட்டத்துக்கு எதிராட்டம் கொடுக்கலாம். ஃபோர்ட் தன் ஒரு லீற்றர் எஞ்சினில் இந்த ஆட்டத்தை ஈடுசெய்ய ஃபிளைவீலையும் முன் கப்பியையும் வேண்டுமென்றே எடை சமனில்லாமல் செய்தது. எப்படிச் செய்தாலும் ஆட்டத்தின் காரணம் உள்ளேயே இருக்கும்.

மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் உயிரின் அழுக்கான ஆணவ மலத்தைப் பற்றிச் சொல்வதும் இதுவே. செம்பில் களிம்புபோல அது உயிரோடு அநாதி. முத்தியிலும் அழியாது, அதன் சக்தி அடங்கும். அழியாத மலத்தோடு இருப்பது என்ன விடுதலை என்று கேட்பவர்கள் உண்டு. சமன்தண்டு உள்ள எஞ்சினைத் தொட்டுப் பார்த்த எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகத் தெரியவில்லை. மறைத்த நடுக்கமும் அடங்கிய நடுக்கமும் ஒன்றல்ல. முன்னது வெறும் நல்ல நடத்தை. மனிதரிலும் இதைப் பார்க்கிறேன்: கோயில் வீதியில் குரல் உயர்த்தாதவர், வீட்டு வாசலில் வேலையாளிடம் வேறு ஆளாகிறார்.

டர்போவையும் இந்த மலத்தோடு சேர்த்தே நினைக்கிறேன். எக்ஸோஸ்டில் வீணாகப் போகும் சூட்டுக் காற்று ஒரு சின்னச் சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்ற, மறுமுனைச் சக்கரம் புதிய காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. கழிவை வெளியே எறியாமல் அதையே வேலைக்கு வைப்பது.

எஞ்சினுக்கும் உயிருக்குமான ஒப்பீடு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தன் மலத்தைத் தானே அடக்க உயிரால் முடியாது, அருள் வேண்டும்; எஞ்சினுக்கும் சமன் வெளியிலிருந்துதான் வருகிறது. ஆனால் மலம் பக்குவப்பட்டுத்தான் அருள் பதிகிறது. எஞ்சினுக்குப் பக்குவம் கிடையாது, வயதுதான் உண்டு. ரப்பர் இறுகும், பழைய நடுக்கம் அப்படியே திரும்பி வரும். அறுபது வயதில் மறுபடி வெடிக்கும் கோபத்தைப் பார்க்கும்போது, அந்த மனிதரிடம் இத்தனை காலம் இருந்தது பக்குவமா ரப்பரா என்று நான் கேட்காமல் இருப்பதில்லை. என்னைக் குறித்தும் கேட்கிறேன்.