படகினுள் நீர்



பெங்களூர் அல்சூர் ஏரி போன்ற பொது நீர்நிலைகளிற் படகை இறக்குவோர், முதலில் அதன் அடிப்புறத்திற் கசிவு உண்டா என்று ஆராய்தல் வேண்டும். தேங்கிய நீரை இறைத்தல் வேண்டும். அதன் பின்னரே தள்ளுதல் வேண்டும். வெளியே நிற்கும் நீர் படகைத் தாங்கும். உள்ளே புகும் நீரோ அதனை அமிழ்த்திவிடும்.

பகவன் புத்தரும் பிக்குவை நோக்கிப் படகின் நீரை இறைக்குமாறும், ஆசையையும் துவேஷத்தையும் அறுக்குமாறும் உபதேசித்ததைத் தம்மபதத்தின் பிக்கு வர்க்கத்திற் காண்கிறோம்.

ஏரியும் குளமும் நமக்கும் பொதுவென்பது எளிதில் வந்த உரிமையன்று. 1927 மார்ச்சு 20-இல் பாபாசாகேப் அம்பேத்கர் மகாட் நகரின் சவுதார் குளத்தில் நீரருந்தினார். சாதி இந்துக்கள் அக்குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். வழக்கு 1937-இலேதான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாய் முடிந்தது.

வெளிநீரை வென்றோம், உள்நீரை இறைத்தோமா? திரிசரணம் அடைந்த பின்னும் பெண் கொடுக்கவும் கொள்ளவும் உட்பிரிவை விசாரிக்கிறோமே! விகாரையில் ஒரே வரிசையில் அமர்ந்து பஞ்சசீலம் ஓதிவிட்டு, மணப்பந்தலில் வேறாகிறோமே! இதுவே உட்கசியும் நீர். கரையிலே தெரியாது, நடு ஏரியிலே தெரியும்.

ஆகலின், அடுத்த மணப்பேச்சு எழும்போது, ‘அவர் எப்பிரிவினர்?’ என்னும் வினாவை நாவிலும் நெஞ்சிலும் இருந்து இறைத்தெறிவோமாக. ஒருவர் இறைத்தாற் போதாது. படகிலுள்ளோர் யாவரும் இறைத்தல் வேண்டும்.

சகல சீவர்களும் சுகமடைக!